2016ஐ ‘அதிசயம்’ என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் 2016 பற்றிப் பேச்சு வந்தாலே ‘அதிசய ஆண்டு’ என்று ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, டிவிக்காரர்களும் அப்படித்தான். அந்த வருஷம் யாரும் எதிர்பார்க்காத அணிகள் கோப்பையைத் தூக்கின, சரி. ஆனால் அதிசயம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் காரணம் தேடுவதில்லை, எனக்கு எரிச்சலே அதில்தான்.

சிகாகோ கப்ஸ் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908க்குப் பிறகு 108 ஆண்டு கழித்து பேஸ்பால் உலகத் தொடரை வென்றார்கள். உடனே எல்லோரும் எழுதியது 1945இல் ஒருவர் ஆட்டோடு மைதானத்துக்கு வந்ததும், ஆட்டை வெளியே அனுப்பியதும், அவர் சாபம் விட்டதும்தான். 2011இல் அணி நிர்வாகப் பொறுப்புக்கு வந்த தியோ எப்ஸ்டீன் அணியைக் கலைத்துப்போட்டு, 2012இல் 101 ஆட்டங்களில் தோற்று, அந்தத் தோல்வியாலேயே அடுத்த டிராஃப்டில் (மோசமாகத் தோற்ற அணிகள் புது வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் முறை) இரண்டாவது இடம் கிடைத்து மட்டையாளர் கிரிஸ் பிரையன்ட்டை எடுத்தாரே, அது சாபக் கதையைவிடச் சுவாரசியமில்லையா?

கிளீவ்லாந்து அணியோடு நடந்த அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தை நினைத்தால் இன்னும் படபடப்பாக இருக்கிறது. எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் முன்னிலையில் இருக்கிறது, பந்து வீசுவது கப்ஸின் சாப்மன். முந்தைய ஆட்டத்தில் 7-2 என்று முன்னிலை இருந்தபோதே தேவையில்லாமல் இறக்கி அவரைக் களைக்க வைத்திருந்தார்கள். கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸ் ஒரு ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கினார். பிறகு மழை, 17 நிமிட நிறுத்தம், பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸுக்கு வெற்றி. மழைதான் காப்பாற்றியது என்கிறார்கள். அந்த இடைவெளியில் சீசன் முழுக்க மட்டையால் சொதப்பிய கப்ஸ் வீரர் ஜேசன் ஹேவர்ட் எல்லோரையும் உடற்பயிற்சி அறையில் கூட்டிவைத்துப் பேசினாரே, அதை யார் எழுதுகிறார்கள்?

இதே கிளீவ்லாந்து நகரத்தின் கூடைப்பந்து அணி ஜூனில், ஏழு ஆட்ட இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கியிருந்து, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யின் பட்டம் வென்றது, இறுதித் தொடரில் அதுவரை எந்த அணியும் அப்படி மீண்டதில்லை. நவம்பரில் அதே ஊரின் பேஸ்பால் அணி 3-1 முன்னிலையைக் கோட்டைவிட்டது. பாவப்பட்ட ஊர்! ஆனால் ஜூன் வெற்றிக்கும் காரணம் உண்டு. எதிரணியான வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் ஐந்தாவது ஆட்டத்தில் தடையால் உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு கிளீவ்லாந்தின் லெப்ரானும் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்தார்கள். ஏழாவது ஆட்டம் 89-89 என்று நின்றபோது பின்னாலிருந்து ஓடிவந்த லெப்ரான், வாரியர்ஸின் இகுவோடலா கூடையை நோக்கிப் போட்ட பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தது வெறும் அதிர்ஷ்டமா?

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்துப் பட்டத்தை வென்ற லெஸ்டர் சிட்டிக்கு, சீசன் தொடக்கத்தில் 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் விலை வைத்தார்கள். அதையேதான் எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததால் ஏறக்குறைய அதே பதினொரு பேரை வாராவாரம் இறக்க முடிந்தது, லெஸ்டரின் கான்டே நடுக்களத்தில் இரண்டு ஆளின் வேலையைச் செய்தார், நடப்புச் சாம்பியன் செல்சி சரிந்து 10ஆவது இடத்தில் முடித்தது. அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அதை மட்டுமே சொல்லாதீர்கள் என்கிறேன்.

ஐ.பி.எல்.லில் இதே சோம்பல் தலைகீழாக நடக்கிறது. அந்த சீசனில் 973 ரன் எடுத்த கோலியின் பெங்களூரு அணி, இறுதிப் போட்டியில் சன்ரைசர்ஸிடம் 8 ரன் வித்தியாசத்தில் தோற்றதைத் துரதிர்ஷ்டம் என்கிறோம். 23 விக்கெட் எடுத்த புவனேஷ்வரும், கூடவே முஸ்தாஃபிசுரும் சன்ரைசர்ஸுக்காக சீசன் முழுக்கப் பந்துவீசியதற்கு நம் பத்திரிகைகளில் எத்தனை வரி கிடைத்தது? அடுத்த முறை 2016 பற்றிச் சிறப்புப் பக்கம் போட்டால், புவனேஷ்வருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்