வருஷக் கடைசியில ரெண்டாவது பணம் நமக்கும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பச்சை தேயிலைக்கு குறைந்தபட்ச விலை வேணும்னு நம்ம நீலகிரில நடக்கற போராட்டத்துல நானும் கலந்துக்கறவன்தான். ஆனா விலையை மட்டும் கேட்டு நிறுத்திடக் கூடாது சார், கென்யாவுல என்ன பண்றாங்கன்னும் நாம பாக்கணும்.

அங்க விளையற டீல பாதிக்கு மேல நம்மள மாதிரி சிறு விவசாயிங்களோடதுதான். 1964ல அரசு ஆரம்பிச்ச கேடிடிஏங்கற தேயிலை நிறுவனம் 2000ல விவசாயிங்க கைக்கு வந்துடுச்சு, பாக்டரிகள்ல அவங்களுக்கே பங்கு இருக்கு. ஊர்ப்பக்கம் இலை வாங்கற சென்டர்ல இலையை கொட்டி, முத்தினதை பொறுக்கி எடுத்துட்டு எடை போடுவாங்க, அன்னைக்கே லாரி பாக்டரிக்கு போயிடும். மாசாமாசம் கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரு பணம், அப்புறம் டீத்தூளை மொம்பாசா ஏலத்துல டாலர்ல வித்து செலவு போக மிச்சம் இருக்கறதை வருஷம் முடிஞ்சதும் அவங்கவங்க போட்ட கிலோ கணக்குக்கு ரெண்டாவது பணமா பிரிச்சு குடுத்துடறாங்க. பிள்ளைங்க பீஸ், வீட்டு வேலை எல்லாத்துக்கும் அதைத்தான் நம்பி இருக்காங்க.

அங்கயும் எல்லாம் நல்லா இல்ல. 2021ல ஏலத்துல கிலோவுக்கு 2.43 டாலருக்கு கீழ விக்கக் கூடாதுன்னு அரசு சொல்லுச்சு, வாங்க ஆள் இல்லாம சரக்கு குடோன்ல தேங்கிப் போய், பிறகு அந்த உத்தரவை எடுத்துட்டாங்க. மேற்குல இருக்கற கெரிச்சோ பக்கத்து விவசாயிங்க, கிழக்கு மலைக்காரங்கள விட தங்களுக்கு அந்த ரெண்டாவது பணம் கம்மியா வருதுன்னு ரோட்டுக்கு வந்தாங்க. ஆனா கணக்கு கேக்க அவங்களுக்கு ஒரு இடம் இருக்குல்ல?

இங்க 1 கிலோ டீத்தூளுக்கு 4 கிலோவுக்கு மேல பச்சை இலை போகுது. நான் இலை போடற பாக்டரில மழை நாள்ல தண்ணி எடைன்னு கழிக்கறாங்க, எத்தனை பர்சென்ட்னு பில்லுல இருக்காது, குன்னூர் ஏலத்துல அந்த தூள் என்ன விலைக்கு போச்சுன்னு கேட்டாலும் பதில் வராது, அடுத்த வாரம் ஏலம் ஏறினா அந்த லாபத்துல எனக்கு ஒரு பைசா கிடையாது.

அதனால ஒவ்வொரு பில்லுலயும் கழிவு எவ்வளவுன்னு தனியா போடணும், பாக்டரி போர்டுல மாசாமாசம் ஏல விலையை எழுதணும், விவசாயிங்க உறுப்பினரா இருக்கற கூட்டுறவு பாக்டரிகள்லயாவது முதல்ல வருஷக் கடைசியில ரெண்டாவது பணம் குடுக்க ஆரம்பிக்கணும். குறைந்தபட்ச விலையோட இந்த மூணையும் சேர்த்து அரசும் தேயிலை வாரியமும் உத்தரவா போடணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.