கொடை விழாக்களில் கதைக்கு உரிய நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் ஆண்டுதோறும் சாமிக்குப் படையலிட்டு நடைபெறும் கொடை விழாக்களில், அந்தந்தத் தெய்வத்தின் கதையை முழுமையாகப் பாடி முடிக்க வில்லுப்பாட்டுக் குழுக்களுக்கு நேரம் கிடைக்காத நிலை பரவி வருவதைக் குறித்து, விழாக் கமிட்டியினரின் கவனத்துக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். விழா நோட்டீஸ்களில் வில்லிசை என்ற வரி இன்றும் இடம்பெறத்தான் செய்கிறது. ஆனால் அதற்குக் கீழே திரைப்பட மெல்லிசைக் கச்சேரி பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கச்சேரி மேடை தயாராகும் வரை பாடிக்கொண்டிருக்குமாறு வில்லுக்காரர்களிடம் சொல்லப்படுகிறது.

கொடையில் கதை பாடுவது வழிபாட்டின் ஒரு பகுதி. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடிய பிறகே புலவர் எனப்படும் தலைமைப் பாடகர் கதைக்குள் நுழைவார். வாழி பாடித்தான் முடிப்பார். தெய்வத்தின் பிறப்போ, கொலையுண்டு தெய்வமான நிகழ்ச்சியோ பாடப்படும் கட்டத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அந்தக் கட்டம் எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதை மனத்தில் கொண்டு, எந்த இடத்தை விரித்துப் பாடுவது, எந்த இடத்தை வசனத்தில் கடப்பது என்று முடிவு செய்வதில்தான் தேர்ந்த புலவரின் திறமை வெளிப்படும். வில்லின் மணிகளும் குடமும் உடுக்கையும் அவர் போக்கை அறிந்து ஏறி இறங்கும். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடும் இடத்திலிருந்தே கதை எங்கே திரும்பப் போகிறது என்று பழகிய காதுகள் கண்டுகொள்ளும். இத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொன்னால், முதலில் போவது நாட்டு வளம்; அடுத்துப் போவது கதைமாந்தர் ஒருவரோடொருவர் வாதிடும் பகுதிகள். எஞ்சுவது சாமியை வரவழைக்கும் பாட்டு மட்டுமே. சாமி வந்துவிட்டது என்ற திருப்தி பெரியவர்களுக்கு இருக்கலாம். எதற்காக இந்தச் சாமி இங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு விடை பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

முத்துப்பட்டன் கதையைச் சான்றாகச் சொல்கிறேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசைக்குக் கூடும் பெருங்கூட்டம், முத்துப்பட்டன் தெய்வமாக நிற்கும் பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோயிலுக்குள் செருப்பு வருவது ஏன் என்பதைக் கதைதான் சொல்கிறது. அந்தணர் குடும்பத்தில் பிறந்த பட்டன், அருந்ததியரான வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்புகிறான். தகப்பன் உடனே சம்மதிப்பதில்லை. பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று வந்தால் பெண் தருகிறேன் என்கிறார். பட்டன் அப்படியே செய்கிறான். பின்னர், மாமனாரின் மாட்டுக் கிடையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு வஞ்சனையால் உயிர்விடுகிறான். மனைவியர் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். வாலப்பகடைக்கும் பட்டனுக்கும் நடக்கும் வாக்குவாதம்தான் இக்கதையின் உயிர் என்பது என் துணிபு. ஒரு தகப்பனின் அச்சமும் சுயமரியாதையும் அதில் அவ்வளவு நேராகப் பேசப்படுகின்றன. சுருக்கிப் பாடும்போது ‘பெண் கேட்டான், மணம் முடித்தான்’ என்று இரண்டு அடிகளில் அது கடந்துபோய்விடுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லும் வடிவமும் வழக்கில் உள்ளது. இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, சாதி கடந்த மணத்தை ஏற்க மனமில்லாதவர்கள் பிற்காலத்தில் சேர்த்த பகுதியாகவே இதைக் கருதினார். எந்த வடிவத்தைப் பாடுவது என்பதில் கேட்போருக்கும் பங்கு உண்டு. முழுக் கதையையும் பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஊரில், புலவர் ஓரிடத்தை மாற்றினால் முன்வரிசைப் பாட்டி ஒருவர் கேட்டுவிடுவார். கதையைத் துண்டாகவே கேட்டு வளர்ந்த ஊரில் அப்படிக் கேட்க ஆளிருக்காது.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் விழா நடத்தும் ஊர்கள் பலவற்றில் இவ்வளவு அவசரம் இல்லை. அங்கே பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பாரதப் பிரசங்கம் நடக்கிறது. பகலில் கேட்ட கதை இரவில் தெருக்கூத்தாகக் கண்முன் வருகிறது. துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு எனப் பல நாட்கள் தொடர்ந்து, போர்க்களக் காட்சியான படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் வீழ்ந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்த பிறகே தீமிதிக்கு வருகிறார்கள். கதைக்கென்று நாட்களை ஒதுக்க ஓர் ஊரால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டைக் காரணமாகச் சொல்லும் கமிட்டியினரும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாட்களுக்கு நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். நோயாளிகளும் தேர்வுக்குப் படிப்போரும் உள்ள ஊரில் இந்த விதி தேவையானது. அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் இந்த விதி கச்சேரிக்கும் பொருந்தும் அல்லவா? கிடைக்கும் நேரம் குறைவு என்றால், அதில் யாருக்கு முன்னுரிமை என்பதை முடிவு செய்வது கமிட்டிதான். மாலை 6 மணிக்கே வில்லைத் தொடங்கி, கொடைக்கு முந்தைய குடியழைப்பு நாளில் ஒரு பாதியும் கொடையன்று மறு பாதியுமாகப் பாடச் செய்தால் பெரும்பாலான கதைகளை நிறைவாகப் பாட முடியும்.

மேடை வடிவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் கதையை வில்லில் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்ட சுப்பு ஆறுமுகம், 2022இல் மறையும் வரை, கொடைக்கு வெளியே உள்ள தமிழர்களுக்கும் இக்கலையை அறிமுகப்படுத்தினார். அரசு நடத்தும் சென்னை சங்கமம் போன்ற விழாக்களால் கலைஞர்களுக்கு வருமானமும் மதிப்பும் கிடைக்கின்றன. எனினும் நகர மேடையில் சிறிது நேரம் பாடும் குழு, முழுக் கதையைப் பாடிப் பழகுவதற்கு ஊர்க் கோயிலை விட்டால் வேறு இடமில்லை. அங்கும் வாய்ப்பில்லையென்றால் அடுத்து வரும் புலவர்கள் பல மணி நேரக் கதையை மனப்பாடம் செய்ய எந்தத் தேவையும் இருக்காது.

ஆகவே, வரும் ஆடிக் கொடைகளுக்கு நோட்டீஸ் அச்சிடும் விழாக் கமிட்டியினர், ‘வில்லிசை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், பாடப்படும் கதையின் பெயரையும் தொடங்கும் நேரத்தையும் அதில் குறிப்பிட வேண்டுகிறேன். குழுவோடு பேசும்போதே, கதையை நிறைவு செய்ய எத்தனை மணி நேரம் வேண்டும் என்று புலவரிடம் கேட்டு, மற்ற நிகழ்ச்சிகளை அதற்கேற்ப அமைக்கலாம். விழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதை ஊர்க்கூட்டத்தில் கேட்க உரிமை உண்டு. நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருநெல்வேலி மாவட்டம்.