விசாரணைக் கைதிகளை விடுவிப்பது குறித்து ஒன்றிய உள்துறைச் செயலாளருக்குக் கோரிக்கை மனு

பெறுநர்:
உள்துறைச் செயலாளர் அவர்கள்,
ஒன்றிய உள்துறை அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சிறை நெரிசல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 479ஆம் பிரிவை முழுமையாக நடைமுறைப்படுத்தவும் திருத்தவும் வேண்டுதல்.

ஐயா, வணக்கம்.

கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் தன்னார்வலராக இதை எழுதுகிறேன். கொடூரமான குற்றம் ஒன்று நடந்தால் போதும், "தூக்கில் போடாமல் ஜெயிலில் வைத்து ஏன் சோறு போடுகிறார்கள்?" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் சிறை நிரம்பி வழிவது தூக்குக்குக் காத்திருப்பவர்களால் அல்ல. அவர்கள் சில நூறு பேர்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் 4,36,266 பேருக்கு இடமுள்ள சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஏறக்குறைய மொத்த இடத்தையும் அவர்களே நிரப்பிவிட்டார்கள்.

மரண தண்டனைக்கும் நெரிசலுக்கும் தொடர்பு இருப்பது வேறொரு இடத்தில். அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை உள்ளே கழித்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விட 479ஆம் பிரிவு வழி செய்கிறது. இதற்கு முன் தண்டனையே பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. ஆக, ஒரு குற்றத்துக்கு உச்ச தண்டனையைச் சேர்க்கும்போது, இன்னும் எதுவும் நிரூபிக்கப்படாதவரும் வருடக்கணக்கில் உள்ளே கிடக்க நேர்கிறது. பிறகு விடுதலையானால் அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

அப்புறம், ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள். உத்தரவு வந்தபின் இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். தன் பெயரில் வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் ஒருவர்கூட அந்தக் குடும்பத்தின் சொந்தத்தில் இருக்கமாட்டார். 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதே கதைதான். 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் ஜாமீன்தாரர் இல்லாமல், அவரே எழுதித் தரும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னது. இத்தனை வருடம் கழித்தும் ஜாமீன்தாரர் தேடி அலைகிற பெண்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பண உதவி தரும் 2023ஆம் ஆண்டுத் திட்டம் தங்கள் அமைச்சகத்துடையது. அந்தப் பணம், ஜாமீன் உத்தரவு வந்தும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை வைத்துத் தானாகவே போய்ச் சேர வேண்டும்; கைதியை மனு எழுத வைக்கக் கூடாது. 479இன்படி தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கண்காணிப்பாளர் எழுதினார் என்பதை ஒவ்வொரு சிறையும் மாதந்தோறும் வெளியிட மாநிலங்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். கடும் குற்றச்சாட்டு என்றாலும், விசாரணை நீண்டுவிட்டால் நீதிமன்றம் தனித்தனியாகப் பரிசீலிக்கும்படி அப்பிரிவைத் திருத்தவும் பரிந்துரைக்க வேண்டும்.

பயங்கரவாதம், போர் தொடுத்தல் தவிர மற்ற குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015இல் தந்த 262ஆவது அறிக்கையை நாடாளுமன்ற விவாதத்துக்குக் கொண்டுவரவும், அதுவரை புதிதாக எந்தக் குற்றத்துக்கும் அந்தத் தண்டனையைச் சேர்க்காதிருக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தன்னார்வலர்