டேப் வந்தது சரி, பதிவு போட ஆள் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டும் ஆசிரியர்களுக்கு டேப்பும் (கையடக்கக் கணினி) கொடுத்திருப்பதைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். 2011இல் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது வாங்கியவர்களில் சிலர் எங்கள் ஊரிலிருந்தே ஐடி வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கருவிகள் வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்குள் யார் எந்த வேலையைச் செய்வது என்பதே மாறிப்போய்விட்டது, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கோபி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர், அதில் ஒருவர் தலைமையாசிரியர், தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் பணியிடமே கிடையாது. காலையில் வருகைப் பதிவு செயலியில், அப்புறம் எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஆதார் எண், ரத்த வகை, பெற்றோரின் செல் நம்பர், எந்தப் பிள்ளைக்கு நோட்டு, செருப்பு கொடுத்தாயிற்று என்ற கணக்கு. எங்கள் குழுக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், என்ன தீர்மானம் போட்டோம் என்பதும் செயலியில்தான் ஏற வேண்டும். ஒரு நாள் பதினொரு மணிக்குப் போனபோது டீச்சர் வாசல் படியில் செல்லோடு நின்றார். "இங்கதானுங்க சிக்னல் கிடைக்குது, இப்ப ஏத்துலீன்னா அப்புறம் சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும்" என்றார். உள்ளே மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சும்மா உட்கார்ந்திருந்தன.

இந்தப் பக்கம் செங்கல் சூளை, நூல் மில், திருப்பூர் பனியன் கம்பெனி என்று வேலை தேடி வருஷத்தின் நடுவில் இடம் மாறும் குடும்பங்கள் அதிகம். முன்பெல்லாம் காகித டிசியைக் கையில் கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது பழைய பள்ளி எமிஸில் டிசி போட்டுப் பிள்ளையின் பதிவை காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். திருப்பூரிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்த ஒரு பெண் குழந்தை எங்கள் பள்ளியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் பட்டியலில் பெயர் ஏறவில்லை, அங்கேயும் இதைக் கவனிக்க ஆள் இல்லை. ஏற்பாடு தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளியில் நிற்பது இதனால்தான் குறைகிறது, படிப்பை விட்டவர்களைத் தேடிப் பிடிக்கவும் இதுதான் வழி.

பெரிய பள்ளிகளிலும் சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசியாக 23ஆவது பாடம்தான் கணினி, நடத்துவது அறிவியல் டீச்சர். ஆனாலும் ஹைடெக் லேப் என்ற கணினி அறை உள்ள பள்ளிகளில் லேப்புக்கென்று ஆள் போட்டிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளிக்குத்தான் யாருமில்லை.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள நாலைந்து தொடக்கப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு பதிவாளரைப் போடலாம், வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி என்று வந்து போனால்கூடப் போதும். கம்ப்யூட்டர் டிகிரி முடித்துவிட்டு மில்லுக்குப் போகிற பெண்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். செயலியில் ஏற்றிய விவரத்தை மறுபடி ரிஜிஸ்டரிலும் எழுதச் சொல்வதை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் எங்கள் குழுவில் தீர்மானமாகப் போட்டுவிட்டோம். மற்ற ஊர்க் குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதை எடுக்க வேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு பெற்றோர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.