கேட்டுச் செய்ததும் கேளாமல் செய்ததும்

அன்புள்ள சாந்தி,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். பெங்களூரில் வீடு அமைந்ததும் முகவரி அனுப்பு. அம்மாவின் முட்டி வலிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் அதற்குமேல் யோசிக்காதே.

வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' பேசப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே படித்திருந்தும் வாய் திறக்கவில்லை என்றாய். அந்த நூலைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இப்படித்தான் ஆகிறது. நடை இவ்வளவு சுமாராக இருந்தும் 2014 தொடக்கத்துக்குள் மூன்று பாகங்களுமாகப் பத்துக் கோடிப் பிரதிகள் எப்படி விற்றன என்பதுதானே உன் கேள்வி?

படிக்காதவர்களுக்கு முதலில் கதையைச் சொல்லிவிடு: கல்லூரி மாணவி அனாஸ்டேஷியாவுக்கும் பெரும் பணக்கார இளைஞன் கிறிஸ்டியன் கிரேவுக்கும் இடையிலான காதல். கட்டிப்போட்டும் அடித்தும் இன்பம் காண்பது அவன் வழக்கம், அதற்கென்றே ஒரு சிவப்பு அறை வைத்திருக்கிறான். அடுத்து, நூல் பிறந்த விதத்துக்கு வா. லண்டனில் தொலைக்காட்சித் துறையில் இருந்த இ. எல். ஜேம்ஸ், 'ட்வைலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் கதையின் எட்வர்டையும் பெல்லாவையும் வைத்து இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிய ரசிகர் புனைவு இது. பிறகு பெயர்களை மாற்றி, 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஒரு சிறு பதிப்பகம் மின்னூலாகவும், கேட்டால் அச்சடித்துத் தரும் பிரதியாகவும் வெளியிட்டது. 2012-இல் விண்டேஜ் என்ற பெரிய பதிப்பகம் உரிமையை வாங்கியது. முதல் பாகத்தின் அட்டையில் சாம்பல் நிறக் கழுத்துப்பட்டை மட்டும்தான். அரை நிர்வாண உருவம் எதுவும் இல்லாததால் ரயிலிலும் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. மின்னூல் கருவியில் படித்தவர்களுக்கு அந்த அட்டையும் தேவைப்படவில்லை.

உங்கள் ஆட்கள் எரிச்சலோடு சொல்லப்போகும் குறை ஒன்று உண்டு: நாயகி உதட்டைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், அவளுக்குள் இருக்கும் 'தேவதை' பக்கத்துக்குப் பக்கம் குதிக்கிறாள் என்று. தொடராக வந்ததன் தழும்பு அது. அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருந்து படிப்பவருக்கு ஒரே சைகை திரும்பத் திரும்ப வந்தால் பாத்திரம் சட்டென்று நினைவுக்கு வரும். அதையே ஒரே மூச்சில் 500 பக்கமாகப் படித்தால் சலிக்கிறது. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கேள்வியில் நிறுத்துகிற பழக்கமும் அதே தொடரிலிருந்து வந்ததுதான். குறை சொல்லிக்கொண்டே இரவு இரண்டு மணி வரை படிக்க வைப்பது அதுதான்.

இனி முக்கியமான விஷயம். சாட்டையையும் சிவப்பு அறையையும் தேடித்தான் அத்தனை பெண்களும் இதை வாங்கினார்கள் என்று நான் நம்பவில்லை. கிறிஸ்டியன் கிரே ஓயாமல் கேட்கும் கேள்வி 'சாப்பிட்டாயா' என்பதுதான். தட்டில் மிச்சம் வைத்தால் அவனுக்குப் பொறுக்காது. அவள் என்ன உடுத்துகிறாள், எப்படி வீடு போகிறாள், மின்னஞ்சலில் எந்தச் சொல்லைப் போட்டாள் என்று அத்தனையையும் கவனிக்கிறான். நாள் முழுக்க அடுத்தவர் பசியையும் துணியையும் நேரத்தையும் நினைவில் சுமக்கும் பெண்ணுக்கு, தன்னை ஒருவன் இவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பது கட்டில் காட்சிகளைவிடப் பெரிய ஆசை. இதைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது என்று உங்கள் வட்டத்தில் அழுத்திச் சொல்.

ஆனால் அந்தக் கவனிப்புதான் கதையின் கோளாறும். அவள் குடித்திருக்கும் இரவில் செல்பேசியை வைத்து இருப்பிடம் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். அவளுடைய பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலை விற்க ஏற்பாடு செய்து, அவள் கேட்காத ஆடி காரைக் கொடுக்கிறான். அம்மாவைப் பார்க்க அவள் ஜார்ஜியா போனால் அங்கேயும் வருகிறான். அவள் வேலைக்குச் சேரும் பதிப்பகத்தையே வாங்கிவிடுகிறான். ஏமி போனோமியும் சக ஆய்வாளர்களும் 2013-இல் முதல் நூலை எடுத்து, துணைவர் வன்முறைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (CDC) வைத்திருக்கும் வரையறையோடு ஒப்பிட்டார்கள். பின்தொடர்தல், மிரட்டல், நட்புகளிலிருந்து பிரித்தல் எல்லாம் அதில் இருப்பதாகச் சுட்டினார்கள். இழுக்கிற காட்சிகள் ஒரு பக்கம், உறுத்துகிற காட்சிகள் இன்னொரு பக்கம் என்று நூல் பிரிந்து கிடக்கவில்லை. இரண்டும் ஒரே காட்சிகள். அதனால்தான் படித்தவர்களுக்கே ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை.

இதில் எல்லோரும் தவறவிடும் ஒன்று அந்த ஒப்பந்தம், அதாவது தன் விதிகளை எழுதி அவளிடம் அவன் நீட்டும் தாள். ஊரே அதைப் பார்த்துத்தான் அதிர்ந்தது. ஆனால் கதையிலேயே அவளைக் கேட்டு நடக்கும் இடம் அது ஒன்றுதான். வாரம் நான்கு முறை உடற்பயிற்சி என்பதை மூன்றாகக் குறைக்கிறாள். பிடிக்காத செயல்களைப் பட்டியலிலிருந்து நீக்குகிறாள். 'மஞ்சள்' என்றால் எல்லை நெருங்குகிறது, 'சிவப்பு' என்றால் உடனே நிறுத்து என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசிவரை அவள் அதில் கையெழுத்துப் போடுவதும் இல்லை. காருக்கும் செல்பேசிக்கும் வேலைக்கும் இப்படி ஒரு தாள் இருந்ததா? இல்லை.

அதற்காக அந்தப் பேச்சுவார்த்தை ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கொருவர் சம்மதித்துக் கட்டுவதும் அடிப்பதுமான இந்த வாழ்க்கைமுறையில் உண்மையிலேயே இருப்பவர்கள் நூலைக் கடுமையாகத் திட்டுவதற்குக் காரணம் உண்டு. ஹீத்மன் ஹோட்டலில் சிப்பியும் ஒயினுமாக உட்கார்ந்து அவள் எல்லைகளைப் பேசுகிறார்கள். குடித்த நிலையில் கொடுக்கும் சம்மதத்தை இந்த வாழ்க்கைமுறையில் இருப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அனுபவமே இல்லாதவளிடம் நீண்ட பட்டியலை நீட்டி 'எது வேண்டாம்' என்று கேட்பதும் தவறு. தெரியாத ஒன்றுக்கு எப்படி எல்லை சொல்வாள்? சின்னதாக ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் பேசிப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும்.

அவள் வேலை செய்யும் ஹார்ட்வேர் கடையில் அவன் கேபிள் டை (கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) வாங்கும் காட்சி பிரபலம். அது ஒரு பக்கம்தான் நகரும், இழுத்தால் இறுகுமே தவிரத் தளராது, விளிம்பு மெல்லியது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பை அது அழுத்தினால் விரல் மரத்துப்போகும், சில சமயம் வாரக்கணக்கில். விவரம் தெரிந்தவர்கள் 6 மி.மீ. அளவிலான மென்மையான கயிற்றை அகலமாகச் சுற்றி, இரண்டு விரல் நுழையும்படி விட்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள்.

முதல் பாகத்தின் முடிவில் பெல்ட்டால் ஆறு அடி. அவள் எண்ணுகிறாள், 'சிவப்பு' சொல்லவில்லை, பிரிந்து போகிறாள். இரண்டாம் பாகத்தில் ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கும்போது 'மறந்துவிட்டேன்' என்கிறாள். இது எழுத்தாளரின் அசட்டை இல்லை, நிஜத்தில் நடப்பது. பயமும் வலியும் கூடும்போது பேச்சு வராது. அதனால் சொல்லை மட்டும் நம்பாமல், இடையிடையே நிறுத்திக் கேட்பதும், முகத்தையும் மூச்சையும் பார்ப்பதும் அடிப்பவரின் பொறுப்பு. முடிந்தபின் கூடவே இருந்து, தண்ணீர் கொடுத்து, போர்த்திவிட்டு, அடுத்த நாளும் விசாரிப்பதும் அப்படித்தான். முதன்முறை அவள் வீட்டில் அடித்துவிட்டு கிரே கிளம்பிப் போகிறானே, அவள் தனியாக அழுகிறாளே, அங்கே விடுபட்டது இதுதான்.

இன்னொரு மனத்தாங்கல்: சிறுவயதுப் பட்டினியும் சிகரெட் சூடும்தான் அவனை இப்படி ஆக்கின, காதல் வந்தால் குணமாகிவிடும் என்று கதை சொல்கிறது. அந்த விருப்பத்தை நோயாகவும் மனைவியை மருந்தாகவும் ஆக்கிவிடும் இந்த முடிச்சை நான் மன்னிக்கவே மாட்டேன். அடிக்கிறவனைப் பொறுத்துக்கொண்டு திருத்தலாம் என்று நம்புகிற இளம்பெண்ணின் கையில் இது ஆபத்தானது.

2015-இல் சாம் டெய்லர்-ஜான்சன் இயக்கிய படம் இந்தியாவில் தணிக்கையைத் தாண்டவில்லை. யாராவது பார்த்திருந்தால் ஒப்பந்தக் காட்சியைப் பேசச் சொல். நீண்ட மேஜையின் இரு முனையில் இருவரும் உட்கார்ந்து, வேண்டாத வரிகளை அவள் ஒவ்வொன்றாக நீக்கச் சொல்கிறாள். நூலில் இல்லாத நிமிர்வு அவளுக்கு அங்கே கிடைக்கிறது. அதே ஆண்டில் அதே கதை கிரேயின் பார்வையில் 'கிரே' என்ற நூலாக வந்தது. அவன் மனத்துக்குள் போனதும் கவனிப்பின் மர்மம் கலைந்து, கட்டுப்படுத்தும் வெறி மட்டும் தெரிகிறது. நேரமிருந்தால் ஒரே காட்சியை இரண்டு நூலிலும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டு.

கூட்டத்துக்கு ஒரு யோசனை. முதல் பாகம் போதும். ஆளுக்கு மூன்று அத்தியாயம் பிரித்துக் கொடு. அவளைக் கேட்டுச் செய்ததற்கு நீலப் பென்சில், கேளாமல் செய்ததற்குச் சிவப்பு. படிக்கும்போது தனக்குப் பிடித்த இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி, பெயர் வேண்டாம். பிறகு எல்லாப் பிரதிகளையும் நடுவில் வைத்து, புள்ளிகள் எந்த நிறத்தின் பக்கத்தில் விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். வாய் திறக்காதவர்களும் அப்போது பேசுவார்கள்.

காரை விற்ற காட்சிக்கு யார் யார் எந்த நிறம் போட்டார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் வசந்தி