ஒன்றரைக் கரண்டி உப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். "சமைச்சு, சாப்பிட்டுப் பார்த்து எழுதுறதுக்கெல்லாம் காசு தர்றாங்களா?" என்றீர்கள். தருகிறார்கள், கொஞ்சம்தான், ஆனால் தருகிறார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அம்மா போனை வாங்கிக்கொண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா, காதை மூடியிருக்கிறாயா என்று போய்விடுகிறாள். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மாதத்துக்கு இரண்டு மூன்று புதுச் சமையல் புத்தகங்கள் தபாலில் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு செய்முறைகளை என் வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டும். இதை நம்பி ஒரு வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கலாமா, கூடாதா என்று எழுத வேண்டும். படம் அழகாக இருக்கிறதா, எழுதியவர் டிவியில் வருகிறவரா என்பதெல்லாம் அப்புறம். சொல்லப்போனால் உங்கள் வேலைதான் அப்பா. நீங்கள் எழுத்துக்குப் ப்ரூஃப் பார்த்தீர்கள், நான் சட்டிக்குப் பார்க்கிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஒரு ரொட்டியில். இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வந்த முதல் குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டிவிடும், பேசுவதற்கு ஆள் கிடையாது. நூலகத்தில் ஒரு ரொட்டிப் புத்தகம் எடுத்து வந்தேன். 500 கிராம் மாவு, ஈஸ்ட், தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. பிசைந்து மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காக உப்பும் என்று போட்டிருந்தது. மூன்று மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன், வைத்தது வைத்தபடி கிடந்தது. ஈஸ்ட் பழசாக இருக்கும் என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன். மறுபடியும் அதே கதை. சமையலறை குளிராக இருக்கிறது என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் குழந்தையைப் போலப் போர்த்திவிட்டேன், அப்போதும் அசையவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை, எனக்குப் பிசையத் தெரியவில்லை, எனக்கு இந்த ஊரே ஒத்துவரவில்லை என்று எங்கேயோ போய்விட்டது மனசு. சாதாரண ரொட்டி. அதற்கு அழுதேன் என்றால் நம்புவீர்களா?

மூன்றாவது தடவை கோபத்தில் அந்த மாவை அப்படியே சுட்டேன். செங்கல் மாதிரி வந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டதும் துப்பிவிட்டேன், கடல் தண்ணீர்தான். அப்போதுதான் உங்கள் பெண் முழித்துக்கொண்டாள். அதே புத்தகத்தில் வேறு ரொட்டிகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அதே 500 கிராம் மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்புதான். மேசைக்கரண்டி என்றால் அதைப் போல மூன்று மடங்கு. ரொட்டிக்கு மாவின் எடையில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் உப்பு போதும், அதாவது பத்து கிராம். நான் இருபத்தைந்துக்கு மேல் கொட்டியிருக்கிறேன். உப்பு கூடினால் ஈஸ்டுக்குத் தண்ணீர் கிடைக்காமல் சுருண்டுவிடும். உப்பு அதிகமானதால் உப்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலக் குறிப்புகளில் பலர் தேக்கரண்டிக்குச் சின்ன 'டி' எழுத்தும் மேசைக்கரண்டிக்குப் பெரிய 'டி' எழுத்தும் போடுகிறார்கள். கைப்பிரதியில் ஒரு எழுத்துக் கொஞ்சம் உயரமாக விழுந்திருந்தால் போதும், மூன்று மடங்கு உப்பாகிவிடும். நீங்கள் இருந்திருந்தால் முதல் ப்ரூஃபிலேயே சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பீர்கள்.

எனக்கு உறைத்தது என்னவென்றால், ஈஸ்ட், குளிர், தண்ணீர், என் கை என்று வரிசையாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் கடைசி வரை அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படவே இல்லை. அச்சில் வந்துவிட்டதே! வீட்டில் முப்பது வருஷம் பிழை திருத்துகிறவரைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஊரில் இருந்திருந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், "என்ன இது, இவ்வளவு உப்பா?" என்று யாராவது சிரித்திருப்பார்கள். இங்கே கேட்க ஆளில்லாததால் தப்பு என் மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பஸ்ஸில் தவறான கதவில் ஏறினாலும், வங்கிப் படிவத்தில் கட்டம் மாறிப்போனாலும் அப்போதெல்லாம் அப்படித்தான் இருந்தது.

பதிப்பகத்துக்கு எழுதினேன். நன்றி, அடுத்த அச்சில் திருத்துகிறோம் என்று இரண்டு வரி வந்தது. பிறகு ஒரு பத்திரிகையில் சமையல் பக்கத்துக்கு ஆள் தேடியபோது அந்தக் கடிதத்தைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். ஆசிரியர் அம்மாள் படித்துவிட்டு, "இந்த ஊர்ச் சமையல் உனக்குப் பழக்கமில்லைதானே?" என்று கேட்டார். போச்சு, வேலை இல்லை என்று நினைத்தேன். அதனால்தான் எடுத்துக்கொண்டாராம். பழகினவர்கள் புத்தகத்தில் விட்டுப்போனதைத் தாங்களே நிரப்பிக்கொண்டு போய்விடுவார்களாம், விட்டுப்போனதே கண்ணில் படாதாம். எனக்கு எல்லாமே இடிக்கும். 'சற்று வதக்கவும்' என்றால் எவ்வளவு சற்று? 'நடுத்தரப் பாத்திரம்' என்றால் எது நடுத்தரம்? 'வழக்கம்போல' என்று ஒருவர் எழுதியிருந்தார். யாருடைய வழக்கம்?

அதனால் எனக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு புத்தகம் சொன்னபடி. தப்பு என்று தெரிந்தாலும் அதன்படியே. இரண்டாம் தடவைதான் என் புத்தியைச் சேர்ப்பது. பக்கத்தில் ஒரு நோட்டு, எடை, நேரம், சட்டியின் அளவு எல்லாம் எழுதி வைப்பேன். என் கையெழுத்தை நீங்கள் கோழிக் கிறுக்கல் என்பீர்களே, அந்த நோட்டில் இப்போது மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்து இன்னும் மோசம்.

அளவு விஷயத்தைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். கப் என்று எழுதிவிடுகிறார்கள், எந்த நாட்டுக் கப் என்பது பெரும்பாடு. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டிகூட 20 மில்லி, மற்றவர்களுக்கு 15. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று அட்டையின் உள்மடிப்பில் பார்க்காமல் நான் மாவில் கை வைப்பதில்லை. பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேன்னி ஃபார்மர் என்ற அம்மாள் 1896-ல் வந்த தன் புத்தகத்தில் கப்பானாலும் கரண்டியானாலும் கத்தியால் வழித்துத் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். நல்ல காரியம்தான். ஆனால் மாவைத் தலைதட்டினாலும் தப்ப முடியாது. அதே கப்பில் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டால் 120 கிராம், கப்பையே மூட்டைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகிறது. நான் தராசில் நிறுத்துப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். நாலு கப்புக்கு ஒரு கப் கூடுதல் மாவு! கிராமில் எழுதாத புத்தகத்துக்கு நான் அரை மார்க் குறைத்துவிடுவேன், வயசானவர்கள் எழுதியதென்றால் கால் மார்க்.

உங்களுக்கென்றே ஒரு காற்புள்ளியும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கேக்குக்கு 'பாதாம் ஒரு கப், நறுக்கியது' என்று போட்டிருந்தது. இன்னொரு பக்கத்தில் 'நறுக்கிய பாதாம் ஒரு கப்'. இரண்டும் ஒன்றுதானே என்று போய்விடாதீர்கள். முதலாவதில் முழுப் பாதாமைக் கப்பில் அளந்துவிட்டு நறுக்க வேண்டும், இரண்டாவதில் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். நறுக்கினால் கப்பில் அடங்குகிற விதம் மாறும், எடையும் மாறிவிடும். தெரிந்து எழுதியிருக்கிறாரா, வாய்க்கு வந்தபடியா என்று இரண்டையும் செய்து பார்த்தேன். தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தை நான் புகழ்ந்து எழுதியதற்குப் பாதிக் காரணம் அந்தக் காற்புள்ளி.

எல்லாரும் ஒற்றுமையாகப் பொய் சொல்கிற இடம் ஒன்று உண்டு, வெங்காயம். நன்றாகக் குழைந்து தேன் நிறமாகி இனிக்கிற வரை வதக்க 'பத்து நிமிடம்' என்று எழுதுகிறார்கள். நான்கு பெரிய வெங்காயம், சிறு தீ, கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நின்றேன். பத்தாவது நிமிடத்தில் வெளுத்துத் துவண்டு கிடந்தது. இருபதில் ஓரங்களில் லேசாக மஞ்சள். நாற்பத்தேழாவது நிமிடத்தில்தான் படத்தில் உள்ள நிறம் வந்தது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கருகும், இனிக்காது. ஐம்பது நிமிடம் என்று எழுதினால் யாரும் அந்தப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்ற பயம்தான் போலிருக்கிறது. எனக்குப் பிடித்த புத்தகங்கள் நிமிடத்தைவிட அடையாளத்தைச் சொல்கிறவை. ஒரு கஸ்டர்டுக்கு, 'இப்போது நீர்த்துப் போனதுபோலத் தோன்றும், பயப்படாதீர்கள், கிளறிக்கொண்டே இருங்கள், கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்கும்போது இறக்குங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக அடுப்படியில் நிற்கும்போது இப்படி ஒரு வரி இருந்தால் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. இரண்டு மாதம் எல்லாப் புத்தகங்களையும் 'நேரம் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே கருகுகிறது' என்று குறை சொல்லி எழுதினேன். அப்புறம் ஒரு சின்ன வெப்பமானி வாங்கி ஓவனுக்குள் தொங்கவிட்டுப் பார்த்தால், நான் 180-ல் வைத்தால் உள்ளே 200 காட்டுகிறது. வாடகை வீட்டு ஓவன், எத்தனை பேர் கை பட்டதோ. ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லித் திருத்தம் போடச் சொன்னேன், போட்டார்கள். கீழே சின்ன எழுத்தில் நாலு வரி. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.

மற்றபடி வீடு சின்னதுதான். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். ஏதாவது கொஞ்சம் தீய்ந்தாலும் கூரையில் இருக்கிற புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வறுப்பது பொரிப்பது எல்லாம். (அம்மாவிடம் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.) எட்டுப் பேருக்கு என்று எழுதியதை நான் ஒருத்தி சாப்பிட முடியுமா? பாதியாக்கலாம்தான், ஆனால் மூன்று முட்டையைப் பாதியாக்கினால் ஒன்றரை, ஒரு முட்டையை அடித்துத் தராசில் வைத்துப் பாதியை ஊற்ற வேண்டும். 20 சென்டிமீட்டர் தட்டுக்குப் பதில் 23-ஐ எடுத்தால் மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடி, கேக் அப்பளமாகிவிடும். அதனால் முதல் தடவை முழுசாகவே செய்துவிட்டு, கீழ் வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதலில் கதவைப் பாதிதான் திறப்பார். இப்போது தட்டைத் திருப்பித் தரும்போது ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறார். "இனிப்பு அதிகம்." "நேற்றையது நல்லது." "இதை மறுபடி செய்யாதே." எனக்குக் கிடைத்த ஆட்களிலேயே நேர்மையான ப்ரூஃப் ரீடர் அவர்தான், உங்களுக்கு அடுத்து.

இத்துடன் போன மாதம் வந்த கட்டுரையின் நகலை வைத்திருக்கிறேன், தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். பென்சிலை எடுங்கள், சும்மா 'நன்று' என்று போட்டு அனுப்பாதீர்கள். கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படியில் ஏறுவதைக் குறைத்தீர்களா, இல்லையா?

அன்புடன்,
உங்கள் சின்னவள்

பி.கு. புதுப் புத்தகம் வந்ததும் நான் கடைசிப் பக்கத்து இண்டெக்ஸில்தான் ஆரம்பிப்பேன் என்று எழுத மறந்துவிட்டேன். பாதி முட்டைக்கோஸ் வீட்டில் வாடிக்கொண்டிருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று தேடுகிறவர் எங்கே போவார், அங்கேதானே. இன்று காலை ஒன்று வந்தது, கையில் தூக்கினால் கனக்கிறது, முழுக்க முழுக்கக் காய்கறிச் சமையல், பளபளவென்று படங்கள். இண்டெக்ஸை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்துவிட்டேன். முட்டைக்கோஸைக் காணோம்.