சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலி என்று நான் புலம்பியதற்கு நீ எழுதிய பதிலைப் படித்துச் சிரித்தேன். வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருப்பதால் என் பொழுதெல்லாம் பழைய பிக்கப்போடுதான் போகிறது.

சரி, உன் வண்டி விஷயம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, மெக்கானிக் ‘ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்’, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு போயிருக்கும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதித்துவிடாதே. போன வருஷம் நான் அடித்த கூத்தைக் கேள்.

என் வண்டியில் முன்பக்கம் இடது ஓரமாகச் சொட்டியது. நேர் மேலே ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். அதுதான் என்று முடிவுகட்டி ஹோஸை மாற்றி, புது கிளாம்ப் போட்டு முறுக்கினேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே ஈரம். அப்புறம் ரேடியேட்டரையே மாற்றினேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஈரம் மட்டும் நிற்கவில்லை.

அதன்பிறகுதான் பிரஷர் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த சின்னக் கருவி. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த வாயில் இதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரைக்கும் அடிக்க வேண்டும். என்னுடையதில் 15 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. அதற்கு மேல் போகாதே, நன்றாக இருக்கும் ஹோஸும் பிய்த்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதே. என் இடது கைத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்குத்தான் தெரியுமே.

பத்து நிமிடத்தில் முள் 11-க்கு இறங்கியது. எஞ்சின் ஓடவில்லை, விசிறி சுற்றவில்லை, சூடும் இல்லை. டார்ச்சையும் ஒரு கைக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடினேன். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, வீப் ஹோல் என்பார்கள். உள்ளே பம்ப்பின் சுழல்தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு (ஷாஃப்ட் சீல்) தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடியட்டும் என்று வைத்த வழி. அங்கிருந்து ஒரு பச்சைக் கோடு, ஓரமெல்லாம் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகக் காய்ந்து, எஞ்சின் பிளாக்கில் இறங்கி, அடியில் குறுக்கே போகும் சட்டமான கிராஸ் மெம்பர் மேல் விழுந்து, சரிவில் இடப்பக்கமாக ஓடிச் சொட்டிக்கொண்டிருந்தது. என் வண்டி மாதிரிப் பழசுகளில் விசிறியும் பம்ப் ஷாஃப்டிலேயே மாட்டியிருக்குமா, வடிந்ததை அது நாலாபக்கமும் வாரி இறைத்துவிடும். எல்லா இடமும் நனைந்திருக்கும். விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். லொடலொட. பம்ப்தான் போயிருந்தது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம்.

தரையில் சொட்டு இல்லாததால் உள்ளேதான் போகிறது என்று நினைக்காதே. சூடான எக்ஸாஸ்ட் மேல் கசிந்தால் கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடும். வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திற, இனிப்பு வாசனை வருகிறதா பார். ஹீட்டர் போட்டால் முன் கண்ணாடியில் பிசுபிசுவென்று படிகிறதா, பக்கத்து சீட்டின் கால் விரிப்பு ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் ஒழுகுவது ஹீட்டர் கோர், உள்ளே வெந்காற்று தருவதற்காகக் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர். மூடியையும் டெஸ்டரில் போட்டுப் பார்க்கச் சொல். அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் கொதிநிலை ஒன்றரை டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால், கூலன்ட் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் பாட்டில் வழியாகப் போய்விடும். இருப்பதிலேயே மலிவான பாகம், அதனால்தானோ என்னவோ யாரும் கவனிப்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் முள் இறங்கினால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. அதற்கும் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீலத் திரவம் இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். ஆயில் மூடிக்கடியில் மட்டும் மோர் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயப்படாதே, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே வெள்ளை இருந்தால் வண்டியை எடுக்காதே.

உன் மைத்துனர் சொல்லும் ஒழுகல் அடைக்கும் பவுடர் வேண்டாம். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடக்கூடும். இன்னொன்று, சிந்திய கூலன்டை உடனே கழுவிவிடு. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. உன் நாய் எதைத்தான் நக்காது?

இரவல் வாங்கிய டெஸ்டரை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வேண்டுமானால் அனுப்புகிறேன். முள் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்று மட்டும் எழுது. முழங்காலைப் பற்றி எதுவும் எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்